கோழித் தீவனத்துல மீன் தூள், மீட் மீல் சேக்கறது எப்படி: ப்ரோட்டீன் நம்பரை மட்டும் பாத்து வாங்காதீங்க

சோயா விலை ஏறுச்சுன்னா போதும், நாமக்கல் பக்கம் சொந்தமா தீவனம் அரைக்கற பண்ணைக்காரங்களுக்கு புரோக்கர் ஃபோன் வர ஆரம்பிச்சுரும். "50 ப்ரோட்டீன் மீட் மீல் இருக்குங்க, சோயாவ விட கம்மி விலை, ரெண்டு டன் இறக்கிரட்டுமா"ன்னு கேப்பாங்க. மீட் மீல்னா கசாப்புக் கழிவ வேக வச்சு அரைச்ச தூள், 50ங்கறது அதுல இருக்கற ப்ரோட்டீன் பர்சன்ட். வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு அந்த 50ங்கற நம்பர் மட்டும் பத்தவே பத்தாது. அந்த 50ல கோழி எவ்வளவு செரிக்கும், கூட என்னென்ன சேந்து வருது, இந்த லோடும் அடுத்த லோடும் ஒரே மாதிரி இருக்குமா, இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சாதான் அது சோயாவுக்கு மாத்து. பதில் தெரியலன்னா எவ்வளவு கம்மி விலைக்கு கெடைச்சாலும் அது நஷ்டம்தான், ஏன்னா தீவனத்துல மிச்சம் பண்ற காசு முட்டையில போயிரும்.

மொதல்ல ஒரு பழைய நம்பிக்கைய சரி பண்ணிருவோம். "மீன் தூள் இல்லாம முட்டை வராது"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அந்தக் காலத்துல அது உண்மைதான். தானியமும் புண்ணாக்கும் மட்டும் போட்டா குஞ்சு வளராது, முட்டை பொரிக்காது, கொஞ்சம் மீனோ மாமிசமோ சேத்தா சரியாயிரும், என்ன காரணம்னு யாருக்கும் தெரியல, அதனால அதுக்கு விலங்குப் புரதக் காரணின்னு பேர் வச்சிருந்தாங்க. 1948ல வைட்டமின் பி12 பிரிச்சு எடுத்தப்பறம்தான் அந்தக் காரணி பெரும்பாலும் இதுதான்னு தெரிஞ்சுது. இன்னைக்கு நீங்க போடற வைட்டமின் ப்ரீமிக்ஸ்ல பி12 இருக்கு, மெத்தியோனின், லைசின் (ப்ரோட்டீன்ல இருக்கற, கோழிக்கு கட்டாயம் வேண்டிய அமினோ ஆசிட்டுங்க) ரெண்டும் மூட்டையில கெடைக்குது. அதனால மக்காச்சோளம், சோயா வச்சே முழு முட்டையும் எடுக்கலாம், மீன் தூளோ மீட் மீலோ கட்டாயம் இல்ல. கணக்கு கட்டுபடியானா போடணும், கட்டலன்னா விட்டுரணும், அவ்வளவுதான்.

எந்தெந்த சரக்கு, எதுல என்ன இருக்கு

மீன்ல ரெண்டு விதம் இருக்கு. ஃபேக்டரியில வேக வச்சு, எண்ணெய் பிழிஞ்சு, காய வச்சு அரைச்ச மீன் தூள் ஒண்ணு, மங்களூரு பக்கம் மத்தி மீன்ல இருந்து நெறய வருது, ப்ரோட்டீன் 55ல இருந்து 65 வரைக்கும் இருக்கும், லைசின் 4.5% பக்கம், மெத்தியோனின் 1.6, 1.7%. அமினோ ஆசிட் கணக்குல இதை அடிச்சுக்க ஆளில்ல. இன்னொண்ணு கடற்கரையில மணல்ல காய வச்ச கருவாடு, அதை இங்க கொண்டு வந்து அரைப்பாங்க. இதுல ப்ரோட்டீன் 35ம் இருக்கும் 50ம் இருக்கும், உப்பும் மணலும் எவ்வளவுன்னு அந்த லோடைப் பாத்தாதான் தெரியும். ரெண்டையும் "மீன்"னு ஒரே பேர்ல ஃபார்முலா ஷீட்டுல போட்டு வைக்கறது பெரிய தப்பு, ரெண்டும் வேற வேற சரக்கு.

மீட் அண்ட் போன் மீல், எம்பிஎம்னு சொல்றது, கசாப்புக் கூடத்துல மிச்சமாகற எலும்பு, ஜவ்வு, கழிச்ச இறைச்சிய வேக வச்சு கொழுப்பை எடுத்துட்டு அரைச்சது. ப்ரோட்டீன் 45ல இருந்து 55, சராசரியா 50னு வச்சுக்கலாம். கால்சியம் 8, 10%, பாஸ்பரஸ் 4ல இருந்து 5%. எலும்பும் ஜவ்வும் அதிகமா இருக்கறதால அந்த ப்ரோட்டீன்ல பெரிய பங்கு கொலாஜன்ங்கற ஜவ்வுப் புரதம், அதாவது அமினோ ஆசிட்ல கிளைசினும் ப்ரோலினும் நெறய, ட்ரிப்டோஃபேன் ரொம்ப கம்மி (0.3%கூட தாண்டாது, சோயாவுல அதே 0.6%க்கு மேல). 50 ப்ரோட்டீன் எம்பிஎம், 46 ப்ரோட்டீன் சோயாவ விட ஒசத்தின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, லைசின் அளவுல சோயாதான் மேல.

கோழி இறைச்சிக் கழிவுல இருந்து வர்ற பவுல்ட்ரி மீல்ல எலும்பு கம்மி, கொழுப்பு ஜாஸ்தி, ப்ரோட்டீன் 58, 65, எனர்ஜியும் நல்லா இருக்கும், செரிமானமும் எம்பிஎம்மை விட மேல. ரத்தத் தூள்ல ப்ரோட்டீன் 80, 85, லைசின் 7, 8% இருக்கும், ஆனா ஐசோலூசின் ஒண்ணு ஒண்ணேகால் பர்சன்ட்தான், லூசின் அளவுக்கு மீறி இருக்கும், அதனால இது 1, 2%க்கு மேல போனா தீவனமே சமநிலை கெட்டுரும். பெரிய அண்டாவுல போட்டு மணிக்கணக்கா காய்ச்சுன ரத்தத் தூளா இருந்தா அந்த லைசின்ல நெறய கருகிப் போயிருக்கும், லேப் ரிப்போர்ட்ல இருக்கும், கோழிக்கு கெடைக்காது.

இறகுத் தூள் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா ஏமாத்தற எடம் இதுதான். ப்ரோட்டீன் 80க்கு மேலன்னு ரிப்போர்ட் காட்டுவாங்க, அது பொய்யும் இல்ல. ஆனா இறகு முழுக்க கெரட்டின்ங்கற கெட்டிப் புரதம், பச்சையா அரைச்சுப் போட்டா கோழி வாயில போனது அப்படியே எச்சத்துல வரும். ப்ரெஷர்ல ஆவி விட்டு அரை மணி நேரத்துக்கு மேல வேக வச்சாதான் அந்தக் கட்டு ஒடையும், கம்மியா வெந்தாலும் செரிக்காது, ரொம்ப வெந்தாலும் சிஸ்டின் கெட்டுரும். அமெரிக்காவுல தீவன சரக்குகளுக்கு இருக்கற வரையறைப்படி இறகுத் தூளோட ப்ரோட்டீன்ல குறைஞ்சது 75% பெப்சின்ங்கற செரிமான நொதியில செரிக்கணும், அந்த நம்பரை நீங்களும் கேளுங்க. நல்லா வெந்த சரக்கா இருந்தாலும் லைசின், மெத்தியோனின் ரெண்டும் ப்ரோட்டீன் அளவுக்கு ரொம்ப கம்மிதான், லேயருக்கு (முட்டைக் கோழிக்கு) 2%க்கு மேல வேண்டாம்.

வாசல் கேட்டுலயே பாக்க வேண்டியது

லாரி வந்து நின்னதும் மேல இருக்கற ரெண்டு மூட்டையப் பிரிச்சு பாத்துட்டு இறக்கச் சொல்றது வழக்கமா இருக்கு, அது ஆகாது. பத்து மூட்டைக்கு ஒண்ணாவது, முன்னாடி நடுவுல பின்னாடின்னு கலந்து, ஊசி விட்டு சேம்பிள் எடுங்க. எல்லாத்தையும் ஒரு தார்ப்பாய்ல கொட்டி நல்லா கலந்து, நாலு பங்கா பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கை தள்ளிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி பிரிச்சு, கடைசியா அரைக் கிலோ அளவுக்கு ரெண்டு கவர் எடுத்துக்கோங்க. ஒண்ணு லேபுக்கு, இன்னொண்ணு தேதி, லோடு நம்பர் எழுதி சீல் வச்சு உங்ககிட்டயே இருக்கட்டும், அந்தத் தீவனம் முழுசும் தீர்ந்து ஒரு மாசம் ஆகற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க.

அப்பறம் மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டுப் பாருங்க. உள்ள சூடா இருந்தா அந்த மூட்டை வேண்டாம், மீன் தூளுக்கு தானா சூடாகற குணம் இருக்கு, எண்ணெய் காத்தோட சேந்து கெட்டுப் போறப்ப வர்ற சூடு அது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடிச்சு விடுங்க, உருண்டையா நின்னா ஈரம் இல்லன்னா கொழுப்பு ஜாஸ்தி, உதிர்ந்தா சரி. ஈரம் 10%க்கு கீழ இருக்கறதுதான் நல்லது. கலர் பொன்னிறம் கலந்த பழுப்பா இருக்கணும், கருப்படிச்சு கருகுன வாசம் வந்தா லைசின் போச்சுன்னு அர்த்தம். மீன் தூள் கருகியிருந்தா இன்னொரு ஆபத்தும் இருக்கு, மீன்ல இருக்கற ஹிஸ்டமினும் லைசினும் அதிக சூட்டுல சேந்து கிஸரோசின்னு ஒண்ணு உண்டாகும், அது கோழியோட அரைவைப்பைய அரிச்சு புண்ணாக்கிரும், தீனிப்பைய அழுத்துனா வாய் வழியா கருப்பு தண்ணி வரும். வாசம் பாக்கறப்ப நல்ல மீட் மீல்ல வறுத்த வாசம் வரும், பெயின்ட் மாதிரி காரமான வாசம் வந்தா கொழுப்பு கெட்டுருச்சு. நாக்குல வச்சு உப்பு பாக்கற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, தயவு செஞ்சு அதை விட்டுருங்க, சால்மோனெல்லா கிருமி இருக்கற சரக்கு எதுன்னு பாத்தா தெரியாது.

மணல் பாக்கறதுக்கு ஒரு உயரமான கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி ரெண்டு ஸ்பூன் சரக்கைப் போட்டு கலக்கி விடுங்க. சதை, செதில் எல்லாம் மெதுவா அலைஞ்சு எறங்கும், மணல் விழுந்த உடனே அடியில போய் உக்காந்துரும், சாய்ச்சுப் பாத்தா கண்ணுக்கே மினுமினுன்னு தெரியும். எலும்புத் துண்டும் சீக்கிரம் எறங்கும், அதனால அடியில இருக்கறதை விரல்ல எடுத்து நசுக்கிப் பாத்துக்கோங்க, எலும்பு நசுங்கும், மணல் நறநறங்கும்.

யூரியா கலப்படம்தான் இதுல பெரிய திருட்டு. லேப்ல ப்ரோட்டீனை நேரா அளக்கறது கெடையாது, நைட்ரஜனை அளந்து 6.25 ஆல பெருக்கறாங்க. யூரியாவுல 46% நைட்ரஜன், அப்படின்னா கணக்குப்படி யூரியாவோட ப்ரோட்டீன் 287% வருது. 100 கிலோ சரக்குல 3 கிலோ யூரியா கலந்துட்டா ரிப்போர்ட்ல எட்டரை பர்சன்ட் ப்ரோட்டீன் சும்மா ஏறிரும், 50னு காட்டற மூட்டையில உண்மை 41, 42தான். மாட்டோட பெரிய வயித்துல இருக்கற நுண்ணுயிர் யூரியாவ ப்ரோட்டீனா மாத்தும், கோழிக்கு அது முடியாது, சிறுநீரகத்துக்கு வேலைதான் மிச்சம்.

இதை வீட்டுலயே கண்டுபிடிக்கலாம். பச்சை சோயா பயறு கொஞ்சம் மிக்ஸியில அரைச்சுக்கோங்க, பச்சையா இருக்கணும், ஃபேக்டரி சோயா புண்ணாக்கு சரிப்படாது, அதுல சூட்டுனால யூரியேஸ் நொதி செத்திருக்கும். ஒரு பாட்டில்ல ரெண்டு ஸ்பூன் மீன் தூள், ஒரு ஸ்பூன் சோயா மாவு, வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம். இன்னொரு பாட்டில்ல அதே மீன் தூளும் தண்ணியும் மட்டும், சோயா வேண்டாம். ரெண்டையும் மூடி இருபது நிமிஷம் வைங்க. தெறந்து மோந்து பாருங்க, சோயா போட்ட பாட்டில்ல மட்டும் மூக்கை அடிக்கற அமோனியா வாசம் வந்தா யூரியா இருக்கு. ஈரமான சிவப்பு லிட்மஸ் பேப்பரை வாய்ப்பக்கம் காட்டுனா நீலமா மாறும். ரெண்டு பாட்டில்லயும் வாசம் வந்தா அது யூரியா இல்ல, மீனே அழுகிப் போன மீன், அப்பவும் வேண்டாம். அந்த ரெண்டாவது பாட்டிலை யாரும் வைக்க மாட்டேங்கறாங்க, அது இல்லாம இந்த டெஸ்டுக்கு அர்த்தமே இல்ல.

யூரியா மட்டும் இல்ல, தோல் ஃபேக்டரி கழிவையும் அரைச்சுக் கலப்பாங்க, அதுல குரோமியம் இருக்கு, ப்ரோட்டீன் நம்பர் நல்லா காட்டும், செரிக்கவும் செரிக்காது, முட்டைய சாப்பிடறவங்களுக்கும் நல்லதில்ல. இதைக் கண்ணால பிடிக்க முடியாது, லேபுக்குத்தான் அனுப்பணும்.

லேப்ல என்ன கேக்கணும்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பரிசோதனை லேப் இருக்கு, தனியார் லேபும் இருக்கு. சும்மா "ப்ரோட்டீன் பாத்து சொல்லுங்க"ன்னு குடுத்துட்டு வராதீங்க. ஈரம், ப்ரோட்டீன், கொழுப்பு, சாம்பல், அமிலத்துல கரையாத சாம்பல் (மணல் எவ்வளவுங்கறது இதுல தெரியும்), உப்பு, கால்சியம், பாஸ்பரஸ், யூரியா, பெப்சின் செரிமானம், பெராக்ஸைடு (கொழுப்பு கெட்டிருக்கான்னு இதுல தெரியும்), சால்மோனெல்லா, இவ்வளவும் எழுதிக் குடுங்க. பெப்சின் டெஸ்ட்ல 0.2% கரைசல்ல பண்ணா சுமாரான சரக்கும் பாஸாயிரும், 0.002% கரைசல்ல பண்ணாதான் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் தெரியும், மீட் மீலுக்கு அதைக் கேளுங்க.

ரிப்போர்ட் வந்ததும் நான் மொதல்ல பாக்கறது ப்ரோட்டீனை இல்ல, கால்சியத்தை பாஸ்பரஸால வகுத்துப் பாக்கறதுதான். உண்மையான எலும்புல கால்சியம் பாஸ்பரஸை விட ரெண்டு மடங்கு பக்கம்தான் இருக்கும், அமெரிக்க வரையறையும் எம்பிஎம்ல 2.2 மடங்கைத் தாண்டக்கூடாதுன்னு சொல்லுது. உங்க ரிப்போர்ட்ல கால்சியம் 12, பாஸ்பரஸ் 3.5னு வந்தா 3.4 மடங்கு ஆச்சு, அதுல சுண்ணாம்புக் கல் தூள் ஏத்தியிருக்காங்க, பேசாம திருப்பி அனுப்பிருங்க.

100 கிலோ லேயர் மேஷ்ல மாத்தற கணக்கு

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். 100 கிலோ லேயர் மேஷ்ல (தூளாவே போடற முட்டைக் கோழித் தீவனம்) 4 கிலோ எம்பிஎம் போடறோம்னு வச்சுக்கலாம், 50% ப்ரோட்டீன், 9% கால்சியம், 4.5% பாஸ்பரஸ்.

அதுல வர்ற ப்ரோட்டீன் 2 கிலோ. 46% சோயாவுல இதே 2 கிலோ வேணும்னா 4.35 கிலோ சோயா. பாஸ்பரஸ் 180 கிராம் வருது, அது 18% பாஸ்பரஸ் இருக்கற டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) ஒரு கிலோவுக்குச் சமம், எம்பிஎம்ல வர்ற பாஸ்பரஸ் எலும்புல இருந்து வர்றதால கோழி நல்லாவே எடுத்துக்கும், அதனால டிசிபிய ஒரு கிலோ எடுத்துரலாம். கால்சியம் 360 கிராம் வருது, எடுத்த டிசிபியில 230 கிராம் போச்சு, மிச்சம் 130 கிராம் ஜாஸ்தி, அதுக்கு கல் கிரிட்ல (சுண்ணாம்புக் கல் நொய்) 340 கிராம் பக்கம் குறைங்க.

இதோட நிறுத்துனாதான் பண்ணையில முட்டை எறங்கும். லைசினைப் பாருங்க. 4.35 கிலோ சோயாவுல 124 கிராம் லைசின், கோழி 90% செரிக்கும், 112 கிராம் உள்ள போகும். 4 கிலோ எம்பிஎம்ல 104 கிராம், செரிமானம் 80%னு வச்சா 83 கிராம். 29 கிராம் குறையுது, அதுக்கு 37 கிராம் லைசின் எச்சிஎல் (மூட்டையில வர்ற லைசின்) சேக்கணும். மெத்தியோனின் 3 கிராம் சேத்தா போதும். ட்ரிப்டோஃபேனும் பாதிக்கு மேல குறையும், 4 கிலோ வரைக்கும் மத்த சரக்குல இருந்து சமாளிச்சுக்கும், 8 கிலோ, 10 கிலோன்னு போறப்ப அதுதான் மொதல்ல மாட்டும், அப்ப லைசின் எவ்வளவு கொட்டுனாலும் முட்டை ஏறாது.

இப்ப வெளிய போனது சோயா 4.35, டிசிபி 1, கிரிட் 0.34, மொத்தம் 5.69 கிலோ. உள்ள வந்தது 4 கிலோ 40 கிராம். மிச்சம் 1.65 கிலோ எடம் காலியா இருக்கு, அங்க எண்ணெய் எடுத்த தவிடு போடலாம், எனர்ஜி குறையாது.

விலை முடிவும் இதே கணக்குலதான். எடுத்த சரக்கோட இன்னைக்கு விலைய கூட்டுங்க, சேத்த லைசின், மெத்தியோனின், தவிடு விலைய அதுல கழிங்க, வர்றதை 4 ஆல வகுங்க. ஒரு கிலோ எம்பிஎம்முக்கு நீங்க குடுக்கக்கூடிய அதிகபட்ச விலை அதுதான், அதுலயும் லேப் செலவு, ரிஸ்க்குன்னு கொஞ்சம் கழிச்சுட்டு பேரம் பேசுங்க. தானியத்துல செரிக்காம இருக்கற பாஸ்பரஸை விடுவிக்கற ஃபைட்டேஸ் நொதி போட்டு ஏற்கனவே டிசிபிய நிறுத்திட்டவங்களுக்கு அந்த பாஸ்பரஸுக்கு மதிப்பே கெடையாது, அவங்களுக்கு எம்பிஎம் பெரும்பாலும் கட்டுபடி ஆகாது. பாஸ்பரஸ் சும்மா ஏறுனா ஓடு மெலிசாகவும் செய்யும், முட்டை ஒடைஞ்சு வந்தா எல்லாரும் கிரிட்டைத்தான் சந்தேகப்படுவாங்க, பாஸ்பரஸ் ஏறியிருக்கான்னும் பாருங்க.

கருவாடு போடறவங்களுக்கு உப்புக் கணக்கு. 12% உப்பு இருக்கற கருவாடு 5 கிலோ போட்டா அதுல மட்டும் 600 கிராம் உப்பு, 100 கிலோ தீவனத்துக்கு வேண்டியதே 300, 350 கிராம்தான். தனியா போடற உப்பை முழுசா நிறுத்துனாலும் ரெண்டு மடங்கு பக்கம் ஆயிருது. கோழி தண்ணியா குடிக்கும், எச்சம் தண்ணியா விழும், கூண்டுக்குக் கீழ ஈரமாகி ஈ பெருகும், முட்டையில அழுக்கு ஒட்டும். கருவாடு வேணும்னா உப்பில்லாத கருவாடா கேட்டு வாங்குங்க, அதுக்கும் உப்பு டெஸ்ட் பண்ணிட்டே போடுங்க, பண்ணை தண்ணி உப்புத்தண்ணியா இருந்தா இன்னும் கவனம்.

எந்த வயசுக்கு எவ்வளவு

குஞ்சுக்கு நல்ல மீன் தூள் 3ல இருந்து 5% வரைக்கும் போடலாம், அந்த வயசுலதான் அதுக்கு குடுத்த காசு திரும்பி வரும். குஞ்சுத் தீவனத்துல எம்பிஎம், இறகுத் தூள் எதுவும் வேண்டாம்ங்கறது என் கருத்து, குடல் வளர்ற நேரத்துல செரிக்காத ப்ரோட்டீன் கீழ் குடலுக்குப் போனா கிளாஸ்ட்ரீடியம் கிருமி அதைத் தின்னு பெருகும், குடல் அழற்சி வரும். மீன் தூள்லயே அளவு மீறுனா இந்தப் பிரச்சனை வரும், ஆராய்ச்சியில அந்த நோயை வர வைக்கறதுக்கே மீன் தூளை அதிகமா குடுப்பாங்க. வளர் கோழிக்கு எம்பிஎம் 3, 4%, லேயருக்கு 4, 5%, எல்லா விலங்குப் புரதமும் சேத்து 6%க்குள்ள நிறுத்திக்கோங்க. பிராய்லருக்கு வெட்டறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே மீன் தூளை நிறுத்தணும், இல்லன்னா கறியில மீன் வாடை வரும்.

முட்டையில மீன் வாடைங்கறது பிரவுன் முட்டை போடற இனங்கள்ல அதிகம், ட்ரைமெத்திலமைன்னு ஒண்ணை ஒடைக்கற மரபணு சில கோழிங்களுக்கு பழுதா இருக்கும், அது முட்டைக்குள்ள தங்கிரும். நாமக்கல்ல இருக்கற வெள்ளை லெகார்ன் வகையில அந்தத் தொல்லை கெடையாது, ஆனா மீன் எண்ணெய் அதிகமா இருக்கற தூளோ கெட்டுப் போன தூளோ போட்டா வெள்ளை முட்டையிலயும் வாடை வரும்.

புது லோடை ஒரே நாள்ல முழு அளவுக்கு ஏத்தாதீங்க, ஒரு வாரம் பத்து நாள்ல படிப்படியா ஏத்துங்க. பல ஷெட் இருந்தா மொதல்ல ஒரு ஷெட்டுக்கு மட்டும் போட்டு, தண்ணி எவ்வளவு குடிக்குது, எச்சம் எப்படி இருக்கு, தீவனத்தை ஒதுக்குதா, முட்டை எடை, ஓடு, இதெல்லாம் பக்கத்து ஷெட்டோட ஒப்பிட்டு எழுதி வைங்க. மிக்ஸர்ல போடறப்ப கொழுப்பு இருக்கறதால மீட் மீல் கட்டி பிடிக்கும், சலிச்சுட்டு, கொஞ்சம் தவிட்டோட முன்கூட்டியே கலந்து, அப்பறம் மிக்ஸர்ல விடுங்க. லோடு மாறறப்ப எல்லாம் ஃபார்முலாவும் மாறணும், போன லோடு 51, இந்த லோடு 46ன்னா பழைய ஷீட்டை வச்சு ஓட்டுனா கோழிதான் கஷ்டப்படும்.

சால்மோனெல்லாவும் குடோனும்

வேக வைக்கற சூட்டுல சால்மோனெல்லா செத்துரும், ஐரோப்பாவுல பாலூட்டி விலங்குக் கழிவுக்கு 133 டிகிரி, 3 பார் ப்ரெஷர், 20 நிமிஷம்னு வச்சிருக்காங்க. பிரச்சனை அதுக்கு அப்பறம் வருது. வெந்த சரக்கைப் பச்சைக் கழிவு கெடந்த தரையிலயே கொட்டி ஆற வைக்கறது, பழைய சாக்குல கட்டறது, பல்லி, எலி, காக்கா. பிராய்லர் தீவனம்னா பெல்லட்டா (குச்சி குச்சியா அழுத்தி) போடறப்ப இன்னொரு தடவ சூடாகும், லேயர் மேஷ்ல அந்த வாய்ப்பும் கெடையாது, நீங்க கொட்டறது அப்படியே கோழி வாய்க்குப் போகுது. அதனால ஃபார்மிக், ப்ரோபியோனிக் ஆசிட் கலவை சேக்கறது நல்லது, மூட்டைங்களை மக்காச்சோளத்துக்குப் பக்கத்துல அடுக்காம தனி ரூம்ல, பலகை மேல, சுவத்துல இருந்து ஒதுக்கி வைங்க, அளக்கற முறம், வாளி எல்லாம் தனியா இருக்கட்டும். வெயில் காலத்துல ஒரு மாசத்துக்கு மேல ஸ்டாக் வைக்காதீங்க, வாங்கறப்பவே ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டதான்னு கேளுங்க.

பண்ணையில செத்த கோழியையோ, கறிக்கடைக் கழிவையோ வெயில்ல காய வச்சு அரைச்சுப் போடறதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீங்க. வெயிலுக்கு கிருமியக் கொல்ற சூடு கெடையாது, எந்த நோயில செத்துச்சோ அது மொத்த ஷெட்டுக்கும் திரும்பப் போகும். ஒழுங்கா வெந்த பவுல்ட்ரி மீலையே கோழிக்கு திரும்பப் போட ஐரோப்பாவுல அனுமதி கெடையாது, 2021ல விதிய தளர்த்துனப்பக்கூட பன்றியில இருந்து வர்றதை கோழிக்கும் கோழியில இருந்து வர்றதை பன்றிக்கும்னுதான் விட்டாங்க. முட்டை வெளிநாட்டுக்குப் போகுதுன்னா வாங்கறவங்ககிட்ட எந்தப் புரதம் போடலாம்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, வளைகுடா நாடுங்களுக்கு அனுப்பறவங்க பன்றி கலக்காத சரக்குன்னு சப்ளையர்கிட்ட சான்றிதழும் வாங்கணும்.

கடைசியா மாடு ஆடு. நம்ம பக்கம் கோழிப் பண்ணையிலயே ரெண்டு மாடு, நாலு ஆடு கட்டியிருப்பாங்க, சிந்துன தீவனம், மிச்சத் தீவனம் அதுங்களுக்குத்தான் போகும். பிரிட்டன்ல 1986ல கண்டுபிடிச்ச பைத்திய மாட்டு நோய் பரவுனது மாட்டு எலும்பு, இறைச்சித் தூளை மாட்டுக்கே போட்டதுனாலதான், 1988ல அங்க அதைத் தடை பண்ணாங்க, 2001ல ஐரோப்பா முழுக்க எல்லா பண்ணை விலங்குக்குமே நிறுத்திட்டாங்க. இந்த நோயை உண்டாக்கற ப்ரியான்ங்கற புரதம் சாதாரண வேக வைக்கற சூட்டுக்கு முழுசா அழியாது. நம்ம நாட்டுலயும் ஆடு மாட்டுத் தீவனத்துல மாடு, பன்றியில இருந்து வந்த இறைச்சி, எலும்பு, ரத்தம் சேக்கக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி இருக்கு. எம்பிஎம் கலக்க ஆரம்பிச்ச அன்னைக்கே வேலைக்கு இருக்கறவங்ககிட்ட சொல்லிருங்க, கோழித் தீவனம் ஒரு கைப்பிடிகூட தொழுவத்துக்குப் போகக்கூடாது, மாட்டுக்கு அரைக்கறதும் அதே மிக்ஸர்தான்னா மாட்டுத் தீவனத்தை வெளியில அரைச்சு வாங்கிக்கோங்க, மூட்டை மேல "மாடு ஆட்டுக்கு போடக்கூடாது"ன்னு பெருசா மார்க்கர்ல எழுதி வைங்க.